பின்னறைக்கு ஒரு வயர்

ஜூன் 5, வியாழன்

இன்றைக்கும் மீட்டிங் நடுவில் நெட் நின்றுவிட்டது.

மன்னார்குடி கல்யாண மண்டபத்து வேலை. மாடியில் தங்கும் அறைகள் வருகின்றன. சென்னை ஆபீசிலிருந்து வைதேகி ஸ்லாப் டிராயிங்கை ஸ்கிரீனில் ஓட்டிக்கொண்டே போனாள். மூன்றாவது அறை வந்தபோதுதான் கவனித்தேன். ஆர்க்கிடெக்ட் புதிதாக அனுப்பிய பிளானில் டாய்லெட் கிழக்குப் பக்கம் போய்விட்டது. எங்கள் டிராயிங்கில் அது இன்னும் மேற்கிலேயே இருக்கிறது. டாய்லெட் வரும் இடத்தில் குழாய் போவதற்காக ஸ்லாப்பை ஓர் அடி தாழ்த்திப் போட வேண்டும். தப்பான இடத்தில் தாழ்த்தினால் எல்லாம் போச்சு.

மைக்கைப் போட்டேன். "சார், அந்த..." என்றேன். அதோடு நின்றுவிட்டது.

"பெர்னதெத்? கேக்குதா?" என்றார் தாமோதரன் சார். "நெட் போச்சு போல. படம் அப்படியே நிக்குது பாருங்க. சரி, நாம மேல போவோம்."

மெசேஜில் எழுதிப் போட்டேன். அதற்குள் அவர்கள் லிஃப்ட் பக்கம் போயிருந்தார்கள். வைதேகி பார்த்திருப்பாள்.

சாயங்காலம் மாவு அரைத்தேன். கேஸ் சொல்ல வேண்டும், இவர் வந்ததும் போன் பண்ணச் சொல்லலாம்.

ஜூன் 6, வெள்ளி

இந்த வீட்டுச் சுவர் பழைய காலத்துச் சுவர். ரௌட்டர் முன்னறையில், கம்ப்யூட்டர் பின்னறையில். நடுவில் சமையலறை. வைஃபை எப்படி வரும்?

ஜூன் 9, திங்கள்

வைதேகி பார்க்கவில்லை.

சனிக்கிழமையே கான்கிரீட் போட்டுவிட்டார்கள். இன்று காலை சைட் என்ஜினியர் தங்கத்துரை போட்டோ அனுப்பினார். பிளம்பர் வந்து பார்த்துவிட்டு, குழாய் எங்கே போவது என்று கேட்டிருக்கிறார். இப்போது உடைக்கிறார்கள். போட்டோவில் தலையில் துண்டு கட்டிய ஒருவர் டிரில் மெஷினோடு குனிந்து நிற்கிறார். இரண்டு நாள் முன்னால் அவரே நிரவிவிட்ட கான்கிரீட்டாக இருக்கும். இன்னும் ஈரம் காயவில்லை.

"யாருமே பாக்கலையா?" என்று சார் குரூப்பில் போட்டார். யாரும் பதில் போடவில்லை. வைதேகிக்கு இந்த மாதக் கடைசியில் பிரசவ லீவு. பாவம், அவள்மேல்தான் எல்லாம் விழுகிறது.

அரை மணி நேரம் யோசித்துவிட்டு சாருக்குத் தனியாக எழுதினேன். 'நான் பார்த்தேன் சார். வியாழக்கிழமை சொல்ல வந்தேன். நெட் கட்டாகிவிட்டது.'

உடனே பதில் வந்தது. 'அன்னிக்கே நினைச்சேன். உங்க வேலைமேல எனக்குச் சந்தேகமே இல்ல பெர்னா. அந்த வைஃபையைத் தூக்கிப் போடுங்க. கம்ப்யூட்டருக்கு நேரா வயர் இழுங்க. வைதேகி போனதும் வியாழக்கிழமை மீட்டிங்கை நீங்க நடத்தணும்னுதான் நினைச்சிருக்கேன். நெட் சரியில்லாம எப்படி?'

'சரி சார்' என்று எழுதினேன்.

இவரிடம் சொன்னபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இவர் பெயர் இருதயராஜ். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் லாரி புக்கிங் ஆபீசில் வேலை. நாள் முழுக்கப் போனில் கத்துகிற வேலை. "வயர்தானே? நான் பாத்துக்கறேன். ஓனர் அக்காகிட்ட நான் பேசறேன், கம்பெனிக்கு நானே போன் போடறேன். நீ விடு" என்றார்.

ஜூன் 11, புதன்

நேற்று எழுதவில்லை. எழுத உட்கார்ந்து மூடி வைத்துவிட்டேன்.

இதிலாவது எழுதலாமே. நெட் சில நேரம் நிஜமாகவே நிற்கும். சில நேரம் நான் நிற்பேன். ஐந்து வருஷமாக இரண்டையும் நெட் என்றே சொல்லிவருகிறேன்.

வியாழக்கிழமை நெட் நன்றாகத்தான் இருந்தது. 'டா'வில் நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. வரவில்லை. கண் இமைக்கக்கூட முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அதைத்தான் சார் படம் நிற்கிறது என்றார்.

வீட்டிலிருந்து வேலை என்று ஆனபோது எனக்கு எவ்வளவு நிம்மதி! முன்பு வேலை பார்த்த ஆபீசில் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள். இங்கே 'நெட் சரியில்ல'. யாரும் வருத்தப்படுவதில்லை, யாரும் சிரிப்பதில்லை. வயர் வந்துவிட்டால் அந்த வசதி போய்விடும்.

ஆனால் அந்தத் தலைத்துண்டுக்காரர் கண்ணுக்குள்ளேயே நிற்கிறார்.

வயர் போடத்தான் போகிறேன். நானே போடுகிறேன். இவரிடம் சொல்லிவிட்டேன். "நீங்க யார்கிட்டயும் பேச வேணாம்." ஒரு மாதிரி பார்த்தார். "சரி" என்றார்.

ஜூன் 12, வியாழன்

இன்று மீட்டிங்கில் எனக்குப் பேச ஒன்றும் இல்லை. நல்லது.

மத்தியானம் கீழே போனேன். நாங்கள் மாடியில் குடியிருக்கிறோம், கீழே ஓனர் ஞானம் அக்கா. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் டிவி.

"வா புள்ள, உக்காரு."

எப்போதும் வார்த்தையை மாற்றிக்கொண்டு தப்பிப்பேன். சுவர் வராது என்றால் செவுரு, அதுவும் வராது என்றால் அந்தப் பக்கம். இன்று மாற்றக் கூடாது என்று படி இறங்கும்போதே முடிவு செய்திருந்தேன். "அக்கா, சமையக்கட்டுச் சுவத்துல ஒரு ட..." துளை என்றால் ஒருவேளை வந்திருக்கும். டிரில் என்றுதான் சொல்ல வேண்டும் என்று நின்றேன்.

அக்கா கீரையைக் கீழே வைத்தார். "என்ன புள்ள, நெஞ்ச அடைக்குதா?" எழுந்து ஓடிப்போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தார். குடிக்க வைத்து முதுகைத் தடவிவிட்டார். குடித்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் டிரில் தானாக வந்தது.

"டிரில்லா? ஐயய்யோ, நீங்க குடி வர்றதுக்கு முன்னாடிதானே பெயின்ட் அடிச்சேன்! அதெல்லாம் வேணாம். பழைய டிவி கேபிள் போன ஓட்டை இருக்குல்ல, மிக்ஸி வைக்கிற இடத்துக்கு மேல? பெயின்டர் பட்டி வெச்சு மூடிட்டான். அதைக் குத்தி எடுத்துக்க."

இரண்டு வருஷமாக அதே இடத்தில் சட்னி அரைக்கிறேன். ஓட்டை இருப்பது தெரியாது.

ஜூன் 14, சனி

கம்ப்யூட்டர் கடை. கூட்டம் இருந்தது. "லேன் கேபிள், முப்பது மீட்டர்" என்பதை வண்டியில் போகும்போது சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கடைக்காரர் முன்னால் முதல் வார்த்தையே நின்றுவிட, அவர் "சார்ஜரா? கீபோர்டா?" என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்ட ஆரம்பித்துவிட்டார். பின்னால் ஒருவர் "எழுதிக் காட்டுங்கம்மா" என்றார். கையில் பேனா இருந்தது. எழுதவில்லை. வந்தது.

கடைக்காரர் இரண்டு முனையிலும் ஜாக் போட்டுக் கொடுத்தார்.

ஜூன் 15, ஞாயிறு

பூசை முடிந்து வந்து வேலையை ஆரம்பித்தோம். இவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, முன்னறைக் கதவு நிலைக்கு மேலாகவே கிளிப் அடித்துக்கொண்டு போனேன். சமையலறைச் சுவரில் ஸ்க்ரூ டிரைவரால் பட்டியைக் குத்தினால் ஓட்டை தெரிந்தது. ஆனால் ஜாக் நுழையவில்லை. பழைய கேபிள் மெல்லிசு போல. ஜாக்கை வெட்டிவிட்டு வயரை மட்டும் நுழைத்தேன். பின்னறையில் அது எட்டிப் பார்த்தபோது இவர் கைதட்டினார்.

இனி யாராவது வந்து அந்த முனையில் புது ஜாக் போட வேண்டும். நெட் கம்பெனிக்குப் போன் பண்ண வேண்டும்.

மதியம் மீன் குழம்பு.

ஜூன் 16, திங்கள்

முதல் தடவை: "வணக்கம், உங்க பேர் சொல்லுங்க." சொல்ல முடியவில்லை. "ஹலோ? லைன்ல இருக்கீங்களா? ஹலோ?" வைத்துவிட்டார்கள்.

இரண்டாவது தடவையும் அப்படியே.

மூன்றாவது தடவை பெயர் சொன்னேன். டெக்னீஷியன் நாளைக்கு வருகிறார்.

ஜூன் 17, செவ்வாய்

டெக்னீஷியன் வந்தபோது இவர் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தார். நான் பின்னறையில் இருந்தேன். வாசலில் பேச்சுக் கேட்டது.

"ஆஷா மேடம் வீடுங்களா?"

"ஆஷாவா? அப்படி இங்க யாரும் இல்லையே."

"இந்த அட்ரஸ்தான் சார் குடுத்திருக்காங்க. போன் பண்ணது லேடீஸ்தான்."

நான் போய் நின்றேன். "நான்தான்" என்றேன். இவர் என்னைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

டெக்னீஷியன் ஜாக் போட்டார், ஒரு சின்ன டப்பாவை மாட்டிச் சோதித்தார். விளக்கு வரிசையாக எரிந்தது. "இனிமே நெட் நிக்கவே நிக்காது மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இவர் சாயங்காலம் வந்து காபி குடிக்கும்வரை பேசவில்லை. பிறகு, "பேரைக்கூட மாத்திச் சொல்லணுமா பெர்னா? என்கிட்ட சொல்லியிருந்தா நான் ஒரு நிமிஷத்துல பேசியிருப்பேன்ல?" என்றார்.

எங்கள் கல்யாணத்தில் வார்த்தைப்பாடு சொல்லும்போது நான் நின்றுவிட்டேன். கோவில் முழுக்க ஆட்கள். ஃபாதர் காத்திருந்தார். அப்போது இவர்தான் மெல்லக் குனிந்து என் காதில் மீதி வார்த்தைகளை எடுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். கடையில், பஸ்ஸில், என் அம்மாவோடு பேசும்போதுகூட. அன்றைக்கு எனக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று இவருக்குத் தெரியும். இப்போது எப்படி இருக்கிறது என்று நான் சொன்னதே இல்லை.

இன்று சொன்னேன். நிறைய நேரம் பிடித்தது. "நீங்க முடிச்சுக் குடுக்கறப்ப, நான் சொல்ல வந்தது அது இல்லன்னாலும் சரின்னு தலையாட்டிட்டுப் போயிடறேன்" என்றேன்.

"அப்படி எத்தனை தடவை?"

"நிறைய."

இவர் ரொம்ப நேரம் டம்ளரையே உருட்டிக்கொண்டிருந்தார். "அப்ப நமக்குப் பூனை வேணாம்னு நீ சொன்னது..."

"பூனை வேணும்னு சொல்ல வந்தேன்."

அடக் கடவுளே என்று தலையில் கைவைத்துக்கொண்டார். இரண்டு பேரும் சிரித்தோம். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஜூன் 18, புதன்

வயரைக் கம்ப்யூட்டர் பின்னால் சொருகினேன். டக்கென்று பிடித்தது. பெரிய டிராயிங் ஃபைல்கள்கூட நான் நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் இறங்கிவிட்டன. இத்தனை நாள் ஃபைல் இறங்கட்டும் என்று அரிசி களைந்து வைத்துவிட்டு வருவேன்.

வைஃபை பிடிக்கிற அந்தக் குச்சியைக் கழற்றவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும், ஓர் அவசரத்துக்கு.

ஜூன் 19, வியாழன்

வெட்கமாக இருக்கிறது.

டாய்லெட் பக்கம் புது ஸ்லாப் என்றைக்குப் போடலாம் என்று சார் என்னைக் கேட்டார். 'திங்கள்' என்று ஒரு வார்த்தை. நின்றுவிட்டேன்.

"என்னம்மா, இன்னுமா சரி பண்ணல?"

அது முடிந்து பேச்சு வந்ததும் என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "ஆமா சார், டெக்னீஷியன் இன்னும் வரல." தங்கு தடையில்லாமல் வந்தது. பொய் எப்போதுமே சரளமாக வருகிறது.

மீட்டிங் முடிந்து சார் எழுதினார். 'அடுத்த வியாழன் வைதேகி இருக்க மாட்டாங்க. அன்னிக்கும் இப்படின்னா பரணிகிட்ட குடுக்கறதத் தவிர எனக்கு வேற வழியில்ல. தப்பா எடுத்துக்காதீங்க.'

பரணி நல்ல பையன்தான். ஆனால் மண்டபத்தின் ஒவ்வொரு தூணும் எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.

குச்சியைக் கழற்றிவிட்டேன். கம்ப்யூட்டரில் வைஃபையையும் அணைத்தேன். சாருக்கு உண்மையை எழுதலாம் என்று நாலு வரி எழுதி அழித்தேன். எழுதினால் அதுவும் ஒளிந்துகொள்கிற மாதிரிதான். வாயால் சொல்கிறேன்.

ஜூன் 21, சனி

மார்க்கெட். கொத்தமல்லி கேட்டேன். நின்றேன். இவர் வாயை இறுக்க மூடிக்கொண்டு தகரக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ அங்கே விமானம் போகிற மாதிரி. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. என்னைவிட அவருக்குத்தான் கஷ்டம்.

கட்டு பெரியதாகப் போட்டார் காய்கறிக்காரம்மா.

ஜூன் 26, வியாழன்

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும்.

காலை பதினொரு மணிக்கு மீட்டிங். தாமோதரன் சார், ஆர்க்கிடெக்ட், தங்கத்துரை, மண்டபத்து முதலாளி வேதரத்தினம். முதலாளி மீட்டிங்குக்கு வருவது இதுதான் முதல் தடவை. கான்கிரீட்டை உடைத்ததில் அவருக்குக் கோபம்.

நான் டிராயிங்கை ஸ்கிரீனில் போட்டேன். ஆரம்பம் பரவாயில்லை. அடுத்து முக்கியமான விஷயம். மாடிக்கு ஏறும் படிக்கட்டு திரும்புகிற இடத்தில் ஒரு பீம் தலைக்கு நேரே வருகிறது. நேற்றுத்தான் அளந்து பார்த்தேன். 'ஏறுற வழி' என்று சொல்லியிருந்தால் சுலபமாக வந்திருக்கும். படிக்கட்டு என்றே ஆரம்பித்தேன்.

"அடுத்தது சார், ப..."

உதடு மூடிக்கொண்டது. திறக்கவில்லை.

"ஐயோ, இன்னிக்குமா?" என்றார் சார். "வேதரத்தினம் சார், ஒரு நிமிஷம், இவங்களுக்கு நெட்டு..."

"நெட் இல்ல சார், படம் நல்லாத்தான் வருது" என்றார் ஆர்க்கிடெக்ட். "பின்னால ஃபேன் சுத்துதே."

எல்லோரும் ஃபேனைப் பார்த்திருப்பார்கள். அப்புறம் என்னை. நான்கு முகங்கள், அத்தனை தெளிவாக அதுவரை பார்த்ததில்லை. வேதரத்தினம் காதில் சந்தனம் வைத்திருந்தார். அதுகூடத் தெரிந்தது.

உதடு திறந்ததும் படிக்கட்டை விட்டுவிட்டு இதைச் சொன்னேன்.

"நெட் நல்லா இருக்கு சார். வயர் போட்டு ஒரு வாரம் ஆச்சு. எனக்குத் திக்கும். சின்ன வயசுலேருந்தே. கொஞ்சம் பொறுத்துக்கிட்டா சொல்லிடுவேன்."

இதைச் சொல்லும்போதே மூன்று இடத்தில் திக்கியது. நெற்றி வியர்த்து வழிந்தது. துடைக்கவில்லை.

வேதரத்தினம்தான் முதலில் பேசினார். "அதுக்கென்னம்மா, மெசேஜ்ல போட்டுடுங்க. சட்டுனு முடிஞ்சிரும். எனக்கும் வேலை கெடக்கு."

"வேணாம் சார். டாய்லெட் மாறுனதை மெசேஜ்லதான் போட்டேன். யாரும் பாக்கல."

அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

படிக்கட்டைச் சொன்னேன். பீம் எங்கே இடிக்கும், எத்தனை அங்குலம் குறைகிறது எல்லாவற்றையும் சொன்னேன். "கல்யாண வீட்டுல சீர்வரிசைத் தட்டைத் தூக்கிட்டுக் கூட்டமா ஏறுவாங்க. எல்லாரும் தட்டைப் பாப்பாங்களே தவிர மேல பாக்க மாட்டாங்க" என்றேன். பீமை ஸ்லாப்புக்கு மேல்பக்கமாகத் திருப்பிவிட்டால் தலை தப்பிக்கும். ஆர்க்கிடெக்ட் ஒத்துக்கொண்டார். தங்கத்துரை ஒரு கேள்வி கேட்டார், பதில் சொன்னேன். அரை மணியில் முடிய வேண்டிய மீட்டிங் ஒரு மணி நேரம் ஓடியது.

முடிந்ததும் சார் போன் செய்தார்.

"அப்ப அன்னிக்கும்? டாய்லெட் விஷயத்துலயும்?"

"ஆமா சார். போன வாரம் டெக்னீஷியன் வரலன்னு சொன்னதும் பொய்."

"அஞ்சு வருஷமா அந்த நெட்டைத் திட்டிக்கிட்டிருந்தேனே! சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்றதுதானே சார் கஷ்டம்."

சிரித்துவிட்டார். உடனே அடக்கிக்கொண்டார். "வேதரத்தினம் பொறுமை இல்லாத மனுஷன். அடுத்த வாரமும் வருவாரு, பாத்துக்கங்க."

"நானும் வருவேன் சார்."

பரணி பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

இவர் சாப்பாட்டுக்கு வந்தவர் சமையலறையிலேயே நின்றிருக்கிறார். கதவைத் திறந்தால் கையில் கரண்டியோடு நிற்கிறார். சாம்பார் அடிப்பிடித்த வாசனை. "கேட்டுட்டே நின்னதுல விட்டுட்டேன்" என்றார். தயிர்ச்சாதம் சாப்பிட்டோம்.

ஜூலை 3, வியாழன்

மோசம். வாயைத் திறந்த இடமெல்லாம் திக்கியது. வேதரத்தினம் நடுவில் எழுந்து டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தார். நான் அப்போதும் அதே வாக்கியத்தில்தான் இருந்தேன். முடித்தேன்.

ஜூலை 5, சனி

ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். தங்கத்துரை போன். சைட்டிலிருந்து யாரும் என்னைக் கூப்பிட்டதே இல்லை. எதுவானாலும் மெசேஜ்தான். கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

"மேடம், படிக்கட்டு பீம் இன்னிக்கு கான்கிரீட் போடறோம். மேல்கம்பியைத் தூணுக்குள்ள எவ்வளவு தூரம் விட்டு மடக்கணும்? டிராயிங்ல இருக்கு, ஆனா உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டா எனக்குத் திருப்தி."

பின்னால் சத்தமும் கூச்சலுமாக இருந்தது. நான் சொல்ல ஆரம்பித்தேன். முதல் வார்த்தையிலேயே நின்றது. வழக்கமாகப் போனில் இந்த இடத்தில்தான் 'ஹலோ, ஹலோ' வரும். வரவில்லை. அவர் மூச்சு விடுவது கேட்டது. காத்துக்கொண்டிருந்தார். நான் மறுபடியும் ஆரம்பித்தேன், பாதியில் இன்னொரு தடவை நின்றது.

அங்கே யாரோ, "சார், லாரி வந்துருச்சு! விடலாமா?" என்று கத்தினார்கள்.

"இருங்கப்பா" என்றார் தங்கத்துரை. "மேடம் பேசிட்டிருக்காங்க."